மாமாவின் வாணலி: மீ கோரெங் என்னும் உணவின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

மலாய் மொழியில் ‘மீ கோரெங் மாமாக்’ என்றோர் உணவின் பெயர் உண்டு. சொற்கள் மூன்று, மொழிகளும் மூன்று. ‘மீ’ என்பது ஹொக்கியன் சீனர் வழக்கில் கோதுமை மாவை நீள நீளமான இழைகளாக்கிச் செய்யும் உணவைக் குறிக்கும். ‘கோரெங்’ என்பது மலாய்ச்சொல். எண்ணெயில் வறுப்பதையும் பொரிப்பதையும் ஒருசேரச் சுட்டுவது. மூன்றாவதான ‘மாமாக்’ நாம் அன்றாடம் வாய்நிறைய அழைக்கும் ‘மாமா’ என்னும் விளியே என்பது பலரும் ஏற்றுக்கொண்ட கருத்து. சீனப் பெயர்ச்சொல்லும் மலாய் வினைச்சொல்லும் தமிழ் உறவுமுறையும் அடுத்தடுத்து நின்று ஒரு தட்டு உணவுக்குப் பெயராகின்றன.

இவ்வுணவு விற்கப்படும் இடத்தின் பெயரும் இத்தகையதே. மலாய்க்காரர் அதனைக் ‘கெடாய் மாமாக்’ என்பர். ‘கெடாய்’ என்பது நம் ‘கடை’. மலாய் இலக்கணப்படி பெயர் முன்னும் அடை பின்னுமாக மாறி நிற்கிறதே ஒழிய, இரண்டு சொற்களிலும் தமிழின் சாயல் இருக்கிறது. கப்பல் ‘கபால்’ ஆனதும், கட்டில் ‘காத்தில்’ ஆனதும், மாம்பழம் ‘மெம்பெலாம்’ ஆனதும், வணிகத்தில் இடும் முதல் ‘மோடால்’ ஆனதும் இதே வழியில்தான். கடல் கடந்து சென்ற பண்டங்களுடன் அவற்றின் பெயர்களும் சென்றன. பண்டங்கள் விற்றுத் தீர்ந்தபின்னும் பெயர்கள் அங்கேயே தங்கிவிட்டன.

‘மாமாக்’ என்னும் சொல்லைப் பற்றி இன்னும் சிறிது கூறவேண்டும். சுமத்ராவின் மினாங்கபாவு மக்களிடையே தாயுடன் பிறந்தவனை ‘மாமாக்’ என்றே அழைப்பர். தாய்வழிச் சமூகமாகிய அவர்களிடத்தில் அவ்வுறவுக்குத் தந்தையையும் விஞ்சிய அதிகாரம் உண்டு. பழைய மலாய்க் கதைகளில் அரசன் தன் மூத்த அமைச்சனை ‘மாமாக்’ என்று விளிப்பதைக் காணலாம். எனவே தமிழர் கொண்டுசென்ற ‘மாமா’ அந்நிலத்தில் முன்பே புழங்கிய ஓர் உறவுச்சொல்லுடன் போய்ச் சேர்ந்துகொண்டது என்று கருதுவதே பொருந்தும். எவ்வாறாயினும், மரியாதைச் சொல்லாக இருந்தது காலப்போக்கில் ஒரு சமூகத்தின் பெயராயிற்று. பின்னர் ஒரு கடையின் பெயராயிற்று. இன்று தமிழ் முஸ்லிம்களுள் சிலர் அச்சொல்லை இழிவாகக் கருதுகின்றனர். வேறு சிலர் அதையே பெயர்ப்பலகையில் பெருமையாக எழுதி வைக்கின்றனர். ஒரே சொல் அவரவர் வாய்க்கேற்ப உறவாகவும் வசையாகவும் ஒலிப்பது புலம்பெயர்ந்தோர் வரலாற்றில் புதிதன்று.

இனி உணவுக்கு வருவோம். பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் நகரில் நாம் கண்ட முறை இது. அகன்ற இரும்பு வாணலி. மலாயில் ‘குவாலி’ என்பர். அடியில் சீறி எரியும் நெருப்பு. எண்ணெய் காய்ந்ததும் அரைத்த மிளகாய் விழுது விழுகிறது. வேகவைத்து நறுக்கிய உருளைக்கிழங்கு, பொரித்த ‘தௌஹு’ என்னும் சோயாக்கட்டி, முன்பே காரக் குழம்பில் வெந்து கிடக்கும் கணவாய்த் துண்டுகள் ஆகியன சேர்கின்றன. அதன்மேல் மஞ்சள் நிற மீ, ‘தௌகே’ என்னும் முளைப்பயறு, கருஞ்சோயாச் சாறு, சற்றே இனிக்கும் சிவந்த சாறு. அனைத்தையும் ஓரத்துக்கு ஒதுக்கி, நடுவில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறிச் சேர்த்துவிடுகின்றனர். ஒரு தட்டுக்கு ஒரு முறை என்பதே விதி; மொத்தமாகக் கிளறினால் மீ நீர்விட்டுக் குழைந்துபோகும். இறக்கியபின் மேலே இறால் வடையை உதிர்த்துப் போட்டு, ‘லிமாவ் கஸ்தூரி’ என்னும் சிறு எலுமிச்சையைப் பாதியாய் அரிந்து ஓரத்தில் வைப்பர். அந்தச் சாற்றைப் பிழிந்தபின்புதான் காரமும் இனிப்பும் கருகல் மணமும் ஒன்றோடொன்று இணங்குகின்றன.

முதல் வாய் நமக்குச் சீன உணவாகத் தோன்றியது. இரண்டாம் வாயில் அந்த மிளகாய் விழுதும் உருளைக்கிழங்கும் கணவாய்க் குழம்பும் நம் கடற்கரை ஊர் வீடுகளின் அடுக்களையை நினைவூட்டின. இங்கிருந்து போனது எது, அங்கே சேர்ந்தது எது என்று பிரித்தறியும் ஆவலே இக்கட்டுரைக்குக் காரணம்.

இதனை முதலில் சமைத்தவர் யார், எந்த ஆண்டில், எந்தத் தெருவில் என்பன போன்ற வினாக்களுக்கு ஏடுகளில் விடை இல்லை. தெருவோரச் சமையற்காரனுக்குச் சாசனம் எழுதுவோர் எக்காலத்திலும் இருந்ததில்லை. ஆனால் உணவே ஒரு சாசனம்தான். அதன் பகுதிகளைத் தனித்தனியே எடுத்துப் பார்த்தால், ஒவ்வொன்றும் தான் வந்த வழியைச் சொல்லும்.

முதலில் மீ. மலாயா கோதுமை விளையும் நிலமன்று. கோதுமை மாவை உப்பும் காரநீரும் சேர்த்துப் பிசைந்து இழையாக்கும் கலை தென்சீனக் குடியேறிகளுடன், சிறப்பாக ஃபுஜியன் மாகாணத்து ஹொக்கியன் மக்களுடன் வந்தது. அந்த மஞ்சள் நிறம் முட்டையாலோ மஞ்சள் பொடியாலோ வருவது என்று பலர் எண்ணுவர். கோதுமை மாவில் இயல்பாகவே உள்ள நிறமிகள் காரத்தன்மை பட்டதும் மஞ்சளாகின்றன என்பதே அதன் இரகசியம். இழைக்கு உறுதியையும் வழுக்கும் தன்மையையும் தருவதும் அக்காரநீரே. ‘தௌஹு’, ‘தௌகே’ ஆகிய சொற்களும் ஹொக்கியன் வழக்கிலிருந்து மலாய்க்குள் வந்தவை. ஆக, வாணலியில் விழும் பொருள்களில் சரிபாதி சீனருடையவை.

எனினும் சீனர் மீயை வறுத்த முறை வேறு. அவர்கள் பன்றிக் கொழுப்பை உருக்கி அதில் வறுப்பர். பன்றி இறைச்சியும் சேர்ப்பர். இஸ்லாமியனான ஒரு தமிழன் அதைத் தொட இயலாது. அவனுடைய வாடிக்கையாளர்களான மலாய்க்காரரும் தொடமாட்டார்கள். மீயை வாங்கலாம், சோயாவை வாங்கலாம், வாணலியையும் வாங்கலாம். கொழுப்பை மட்டும் வாங்க முடியாது. கொழுப்பை எடுத்துவிட்டால் சுவையில் ஒரு பள்ளம் விழுகிறது. அப்பள்ளத்தை நிரப்பத் தன் கைவசம் இருந்த மிளகாய் விழுதையும் கணவாய்க் குழம்பையும் உருளைக்கிழங்கையும் அவன் இட்டிருக்க வேண்டும் என்பது நம் ஊகம். விலக்கு என்பது சமையலைக் குறுக்கும் என்றே பொதுவாக நினைக்கிறோம். இங்கு ஒரு விலக்குதான் புதியதோர் உணவுக்கு வாயில் திறந்திருக்கிறது.

மிளகாயும் உருளைக்கிழங்கும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். ஐரோப்பியர் கப்பல்களில் ஆசியாவுக்கு வந்தவை. இவற்றுள் தக்காளியின் பயணம் தனிக்கதை. சிங்கப்பூரில் விற்கும் மீ கோரெங் பளிச்சென்ற சிவப்பாயிருக்கும். அங்கு போத்தலில் அடைத்த தக்காளிச் சாஸைத் தாராளமாக ஊற்றுவர், கொத்திய ஆட்டிறைச்சியும் சேர்ப்பர். அந்தச் சாஸுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘கெட்சப்’ என்னும் பெயரின் மூலம் ஹொக்கியன் மொழியில் மீனை ஊறவைத்து எடுக்கும் சாற்றின் பெயரான ‘கே-சியாப்’ என்பது பலரும் கூறும் விளக்கம். மலாயில் அது ‘கிச்சாப்’ ஆகிச் சோயாச் சாற்றைக் குறித்தது. ஆங்கில வணிகர் வழியாக மேற்கே சென்ற அச்சொல் காளானுக்கும் பிறவற்றுக்கும் பெயராகி, 1812இல் ஜேம்ஸ் மீஸ் என்னும் அமெரிக்கர் எழுதிய செய்முறையில் தக்காளியுடன் சேர்ந்தது. 1876இல் ஹைன்ஸ் நிறுவனம் அதைப் போத்தலில் அடைத்து விற்கத் தொடங்கியது. பின்னர் அது கடல் கடந்து சிங்கப்பூர் வந்து, ஹொக்கியன் மீ கிடந்த அதே வாணலியில் விழுந்தது. தென்சீனத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ஒரு சொல், உலகைச் சுற்றிவந்து தன் ஊராரின் மீயுடன் ஒரு தமிழன் கையால் கலக்கப்பட்டிருக்கிறது!

அந்தத் தமிழன் யார்? கடாரம் என்று நம் கல்வெட்டுகள் கூறும் கெடா, பினாங்குக்கு நேர் எதிரேயுள்ள பெருநிலம். 1025ஆம் ஆண்டையொட்டி நடந்த இராசேந்திர சோழனின் படையெடுப்பு நமக்கு மனப்பாடம். ஆனால் அதற்குப் பின்வந்த நூற்றாண்டுகளில் படையின்றி, கப்பலும் கணக்கேடும் மட்டும் கொண்டு சென்ற தமிழ் முஸ்லிம் வணிகரைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. மலாக்கா அரசில் பெண்டஹாரா என்னும் தலைமை அமைச்சர் பதவி வகித்து 1510இல் சுல்தானின் ஆணையால் கொல்லப்பட்ட துன் முத்தாஹிர், தந்தைவழியில் தமிழ் முஸ்லிம் மரபினர். அதற்கு அடுத்த ஆண்டு மலாக்கா போர்த்துகீசியர் வசமாயிற்று. நவீன மலாய் உரைநடையின் முன்னோடி என்று போற்றப்படும் முன்ஷி அப்துல்லா (1796–1854) அரபுக் குருதியும் தமிழ்க் குருதியும் கலந்தவர். மலாக்காவில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் கணக்கு வழக்குக்காகத் தமிழ் கற்பது முன்னோர் காலத்து வழக்கம் என்றும், தாமும் அவ்வாறு கற்றதாகவும் தம் வரலாற்று நூலில் அவர் குறிப்பிடுகிறார்.

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் குடியேற்றமாக்கியபோது சோழமண்டலக் கரையிலிருந்து இம்மக்கள் திரளாக வந்தனர். ‘சூலியா’ என்று ஆங்கிலேயர் இவர்களை அழைத்தனர். 1794இல் லைட் எழுதிய அறிக்கையில், கடைக்காரர்களாகவும் கூலியாள்களாகவும் இருந்த இவர்களைத் தீவின் இரண்டாவது பெரும் பிரிவினர் என்கிறார். கப்பல்கள் ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர்வரை கொண்டுவருவதாகவும் குறிக்கிறார். 1801இல் இவர்களின் தலைவரான காதர் முகைதீன் ‘கப்பித்தான் கெலிங்’ ஆக்கப்பட்டார். அவர் பெயரால் எழுந்த பள்ளிவாசல் இன்றும் நகரின் நடுவே நிற்கிறது. அதே சாலையில் சீனரின் கருணைத் தெய்வமான குவான் யின் கோயில். சற்றுத் தள்ளி 1818இல் முடிந்த புனித ஜார்ஜ் தேவாலயம். பக்கத்துத் தெருவில் மகாமாரியம்மன் கோயில். பத்து நிமிட நடையில் இவை அனைத்தையும் கடந்துவிடலாம். இந்நெருக்கத்தைக் கண்டபின் மீ கோரெங் எங்ஙனம் பிறந்தது என்பது பெரிய புதிராகத் தோன்றவில்லை. பக்கத்துத் தெரு ஹொக்கியனிடம் மீ வாங்கி, எதிர்த்தெரு மலாய்க்காரருக்கு விற்றவன் நடுவில் நின்று கிளறியிருக்கிறான்.

பெருவணிகரான மரைக்காயர் பற்றிப் பேசும் ஏடுகள் உண்டு. துறைமுகத்தில் தோணி தள்ளியவர், மூட்டை சுமந்தவர், தோளில் காவடித்தண்டு போலக் கழியை வைத்து இருமுனையிலும் சோறும் கறியும் தொங்கவிட்டுத் தெருத்தெருவாய் விற்றவர் பற்றி அத்தனை ஏடுகள் இல்லை. அக்கழிக்கு மலாயில் ‘கண்டார்’ என்று பெயர். ‘நாசி கண்டார்’ என்னும் புகழ்பெற்ற சோற்றுணவின் பெயர் அதிலிருந்து வந்தது. நாகூர், நாகப்பட்டினம், கடையநல்லூர், தென்காசி, இராமநாதபுரக் கடற்கரை ஊர்கள் என்று பல இடங்களிலிருந்தும் சென்ற இவர்களுள் பெரும்பாலோர் தனி ஆடவர். மனைவி மக்களை ஊரில் விட்டுச் சென்றவர்கள். 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பலின் மேல்தளத்தில் பாய்விரித்துப் படுத்துச் சென்னையிலிருந்தும் நாகையிலிருந்தும் பினாங்கு போனவர்களும், அதற்குப்பின் ஓடிய ‘சிதம்பரம்’ கப்பலில் போனவர்களும் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். 1985இல் ‘சிதம்பரம்’ தீப்பற்றியதோடு அந்தக் கப்பல் வழியும் ஓய்ந்தது.

தம் வீட்டில் ஒருபோதும் அடுப்பு மூட்டியிராத ஆண்கள் அந்நிய மண்ணில் பிழைப்புக்காகக் கரண்டி பிடித்தனர் என்பதை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். ஊரில் அவர்களுக்குச் சமைத்தவர்கள் தாயும் மனைவியும். அவர்கள் கைச்சுவையை நினைவிலிருந்து எடுத்து, கிடைத்த பொருளில் அமைக்க முயன்றிருப்பார்கள். அவ்வகையில் பினாங்கு வாணலியில் கடலுக்கு இப்பால் காத்திருந்த பெண்களின் பங்கும் உண்டு. ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ (1959), ‘புயலிலே ஒரு தோணி’ (1972) ஆகிய இரு நாவல்களும் பினாங்கையும் மெடானையும் நம் இலக்கியத்துக்குள் கொண்டுவந்தன. வட்டிக்கடையும் வணிகமும் போரும் அவற்றில் அழியா இடம்பெற்றன. வாணலிக்காரனின் நாவல் தமிழில் இனிமேல்தான் எழுதப்பட வேண்டும்.

இவர்களுள் பலர் அங்கேயே மலாய்ப் பெண்களை மணந்தனர். அவ்வழி தோன்றியவர்கள் ‘ஜாவி பெரானாக்கான்’ எனப்பட்டனர். 1876இல் சிங்கப்பூரில் அப்பெயரிலேயே தொடங்கப்பட்ட இதழ், மலாய் மொழியின் முதல் செய்தித்தாள். 1887இல் மகதூம் சாயபு அதே நகரில் ‘சிங்கை நேசன்’ என்னும் தமிழ் இதழை நடத்தினார். ஒரே சமூகத்தின் ஒரு கை மலாயிலும் மறு கை தமிழிலும் எழுதிய காலம் அது.

அந்த இரட்டைநிலை இன்று எளிதாக இல்லை. மலேசிய அரசியலமைப்பின் 160ஆம் பிரிவு ‘மலாய்க்காரர்’ என்பவரை வரையறுக்கிறது: இஸ்லாத்தைப் பின்பற்றுபவர், மலாய் மொழியை வழக்கமாகப் பேசுபவர், மலாய்ப் பண்பாட்டை ஒழுகுபவர். குடியிருப்பு பற்றிய சில நிபந்தனைகளும் உண்டு. தமிழ் முஸ்லிம் ஒருவர் இவ்வரையறைக்குள் நுழைய இயலும். நுழைவதில் நன்மைகளும் உண்டு. ஆனால் மொழியை வாசலில் இறக்கி வைத்துவிட்டு நுழைய வேண்டும். நுழையாமல் நின்றால், இந்தியர் என்னும் பிரிவில் சமயத்தால் சிறுபான்மை. முஸ்லிம் என்னும் பிரிவில் மொழியால் சிறுபான்மை. பாட்டன் தமிழில் கணக்கெழுதினான், தந்தை தமிழில் பேசினான், மகனுக்குப் புரிகிறது, பேரனுக்கு அதுவும் இல்லை என்னும் நிலையைப் பல குடும்பங்களில் காண்கிறோம். பேரனிடம் எஞ்சியிருப்பது வாணலி.

உணவு எவருக்குச் சொந்தம் என்னும் வழக்கு அப்பகுதியில் அடிக்கடி எழுவது. சிங்கப்பூரின் தெருவுணவுப் பண்பாடு 2020இலும், நாசி லெமாக், ரொட்டி சானாய் உள்ளிட்ட மலேசியக் காலையுணவுப் பண்பாடு 2024இலும் யுனெஸ்கோவின் பட்டியலில் இடம்பெற்றன. நாடுகள் பட்டியலிடுவதில் பிழையில்லை. ஆயினும் மீ கோரெங்கைப் போன்ற உணவைப் பட்டியலிடும்போது எந்தப் பெயரை எழுதுவது? இழை சீனருடையது, பெயரும் பசியும் மலாய்க்காரருடையவை, கை தமிழருடையது, மிளகாய் மெக்சிகோவினது. ஜாவாவில் இதே பெயருடைய உணவு இனிப்புச் சோயாச் சாற்றில் வேறொரு சுவை கொள்கிறது. அச்சேயில் கறி மசாலாவுடன் இன்னொன்றாகிறது. 1958இல் ஜப்பானில் மொமொஃபுகு ஆண்டோ கண்டறிந்த உடனடி மீயையும் மாமாக் கடைகள் விட்டுவைக்கவில்லை. ‘மேகி கோரெங்’ என்று அதையும் வறுத்துத் தம்முடையதாக்கிக் கொண்டன.

2016 முதல் பினாங்கு மாநில அரசு, தெருவுணவுக் கடைகளில் வெளிநாட்டவர் தலைமைச் சமையற்காரராய் இருப்பதைத் தடுக்க விதி கொணர்ந்தது. கூலிக்கு வருவோர் கையில் ஊர்ச்சுவை கெட்டுவிடும் என்பது காரணம். அக்கவலையை நாம் எள்ளி ஒதுக்கவில்லை. தலைமுறையாய்ப் பழகிய கைக்கு ஒரு நுட்பம் உண்டு, அது அழிவது இழப்பே. ஆனால் அத்தீவில் முதன்முதலாக மீயை மிளகாயில் புரட்டிய மனிதன் இன்றிருந்தால், அவனும் அவ்விதிக்கு உட்பட்ட வெளிநாட்டவனே. ஊர்ச்சுவை என்று இன்று காக்கப்படுவது, ஒரு காலத்தில் வந்தேறி ஒருவனின் புதுச்சுவை.

தமிழராகிய நமக்கும் இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. இதை வாசிக்கும் நண்பர்களில் சிலர், ‘அப்படியானால் மீ கோரெங் தமிழனின் கண்டுபிடிப்பு’ என்று மார்தட்ட விரும்பலாம். அது வேண்டாம். கடாரம் கொண்டவனை ஆயிரம் ஆண்டுகளாய் நினைவில் வைத்திருக்கும் நாம், அதே கரையில் கடைபோட்டவனை இரண்டு தலைமுறைக்குள் மறந்தோம். அவனுடைய பேரப்பிள்ளைகள் தமிழை இழந்தபோது நாம் ஏனென்று கேட்கவில்லை. இப்போது அவனுடைய வாணலிக்கு மட்டும் உரிமை கோருவது நேர்மையாகாது. செய்யத்தக்கது ஒன்றுண்டு. நாகூரிலும் கடையநல்லூரிலும் இராமநாதபுரத்துக் கடலோரத்திலும், பினாங்கில் கடை நடத்தித் திரும்பிய முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கின்றனர். எந்தக் கப்பலில் சென்றனர், யாரிடம் மீ வாங்கினர், யாரிடமிருந்து கிளறக் கற்றனர் என்று அவர்களிடம் கேட்டு எழுதி வைக்கலாம். அவர்கள் காலத்துக்குப் பின் அவ்வினாக்களுக்கு விடை சொல்ல எவரும் இரார்.